வலது கால் வெளிநாட்டில் இருக்கிறது

மகளின் இடது காலில் ஷூ கச்சிதமாக உட்கார்ந்தது. பின்னால் குதிகாலைப் பிடித்துக்கொண்டது; முன்னால் கட்டைவிரல் அசைய இடம் விட்டது.

"நடந்து காட்டு" என்றார் அப்பா.

நடந்தாள். ஒரு கால் 'டப்' என்றது, இன்னொரு கால் 'சத்' என்றது. சமையலறை வாசல் வரை போய்த் திரும்பி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாருக்குப்பா. இன்னொண்ணு?"

"வரும்."

"எங்கேருந்து?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருந்தது. "வெளிநாட்டுலேருந்து" என்றார்.

மனைவி சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். "ஏங்க, ஒரு காலுக்கு உள்ளூர்லயும் இன்னொரு காலுக்கு வெளிநாட்டுலயும் வாங்குறதுக்கு இவ என்ன மந்திரி பொண்ணா?"

 அவர் குனிந்து, ஷூவின் ஓரத்தில் வழிந்திருந்த பசையை நகத்தால் சுரண்டினார்.

கம்பெனியில் அவருக்குப் பெயர் கோந்து. ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் ஒட்டுகிற பிரிவில் பல வருஷம் நின்றதால் வந்த பெயர். பசை நெடியில் மூக்கு மரத்துப்போய், மனைவி எதைச் சமைத்தாலும் ஒரே வாசனைதான். விரல்களில் பசை காய்ந்து உரிந்து, உரிந்து காய்ந்து, ரேகை என்று ஒன்று இருந்த அடையாளமே போய்விட்டது. காலையில் வாசலில் வருகைப் பதிவு மெஷினில் விரலை வைத்தால் 'மீண்டும் முயலவும்' என்று கத்தும். வாட்ச்மேன் சிரிப்பார்: "மெஷினுக்கே நீ யாருன்னு தெரியல கோந்து. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" வீட்டில் போனும் அப்படித்தான். பெருவிரலை வைத்துத் தேய்ப்பார், துடைத்துவிட்டுத் தேய்ப்பார், ஊதிவிட்டுத் தேய்ப்பார். கடைசியில் மகள் வாங்கித் திறந்து கொடுப்பாள்.

அந்தக் கம்பெனியில் இடது ஷூ மட்டும்தான் செய்வார்கள்.

புதிதாக வேலைக்கு வரும் ஆளை நிற்கவைத்து சூப்பர்வைசர் இதை விளக்குவார். "ஜோடியா செஞ்சா ஜோடியா காணாமப் போகும். ஒத்தையா செஞ்சா எவன் திருடுவான்? அதனால இடது இங்க. வலது வேற நாட்டுல. கயிறு இன்னொரு நாட்டுல. அட்டைப்பெட்டி இன்னொரு நாட்டுல. எல்லாம் கப்பல்ல போயி எங்கேயோ ஒரு இடத்துல ஒண்ணு சேருது. நம்ம முதலாளி பார்க்காத நாட்டையெல்லாம் இந்த ஷூ பார்த்துருது. இதுக்குப் பேருதான் உலகமயமாக்கல்."

பிறகு குரலை இறக்குவார். "எந்த ஊர்ல எந்தக் கால் ஆகுதுன்னு வெளிய ஒரு வார்த்தை போச்சு, அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம். கால் ரகசியம் கம்பெனி ரகசியம்."

பசை வழிந்த ஷூ, தையல் கோணலான ஷூ எல்லாம் கழிவு. ஒற்றைச் செருப்பை யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று, கேட்டவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார்கள். அதனால் கம்பெனியாட்கள் குடியிருக்கும் தெருவில் வீட்டுக்கு வீடு ஓர் இடது ஷூ இருந்தது. ஒரு வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்தது. ஒரு வீட்டில் துணி கவ்விகள் போட்டு வைத்தார்கள். ஒரு வீட்டில் பூனை குட்டி போட்டது.

கோந்து வாங்கி வந்தது சாம்பல் நிறம், ஆரஞ்சுப் பட்டை. ஓரத்தில் பசை கொஞ்சம் வழிந்திருந்தது. அவரே வழியவிட்டதுதான். வேண்டுமென்று செய்யவில்லை என்று அவர் நம்ப விரும்பினார்.

மகள் ஓடுவாள். பள்ளியில் அவளைப் பிடிக்க ஆளில்லை. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். எடுபட்டால் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. போன வருஷம் யாரோ வெறுங்காலில் ஓடிக் கண்ணாடி குத்திக்கொண்டதால் இந்த வருஷம் புதுச் சட்டம்: ஓடுவதற்கென்று செய்த ஷூ இல்லாதவர்கள் மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது. கடையில் மலிவாகக் கிடைத்ததை வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். முதல் வளைவிலேயே அடிப்பாகம் கழன்று, அவளுக்கு முன்னால் தனியாக ஓடியது. கோந்துவின் கம்பெனி ஷூவைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். அதற்குக் காசு கேட்பதில்லை.

"எடுபடலேன்னா என்னப்பா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எடுபடலேன்னா படிச்ச வரைக்கும் போதும்னு எங்க கம்பெனிக்கு வந்துருவ. என் பக்கத்துல நிப்ப." அவர் விரல்களை விரித்துக் காட்டினார். "இந்தா, பாத்துக்க."

அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு காலையில் எழுப்பவேண்டிய வேலை அவருக்கு இல்லாமல் போனது.

முதல் யோசனை செருப்புத் தைக்கிறவரிடம் போவது. பேருந்து நிறுத்தத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர். தோலை முகர்ந்தே வயசு சொல்லுவார்.

"இந்த இடது ஷூவ வலதாக்கணும்ணே."

அவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாவரைக்கிற மாதிரி கேக்குறியே. இத வலதாக்கிட்டா அப்புறம் இடதுக்கு என்ன பண்ணுவ?"

"இடது கேட்டா கிடைக்கும். வலதுதான் கிடைக்காது."

"ஊருல எல்லாரும் ரெண்டு கால வெச்சுக்கிட்டுத்தான் அலையறாங்க. நீ ஒருத்தன்தான் கணக்கெல்லாம் வெச்சிருக்க" என்று சொன்னாலும், தொழில்காரருக்கு ஆசை வந்துவிட்டது. பிரித்தார், சூடு காட்டினார், இழுத்தார், எதிர்ப்பக்கமாக வளைத்து ஆணியடித்துக் காயவைத்தார். சாயங்காலம் கோந்து போனபோது, ஷூ இடதாகவும் இல்லை, வலதாகவும் இல்லை. நடுவில் நின்றது.

"இது எந்தக் காலுக்குண்ணே?"

"எந்தக் காலுக்குமில்ல" என்றார் அவர் நேர்மையாக. "காசு வேணாம். இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல, அதனால நானே வெச்சுக்கிறேன்."

கையிலிருந்த ஒன்றும் போயிற்று. மறுநாள் கோந்து மறுபடியும் சூப்பர்வைசர் முன்னால் நின்றார்.

"அதே அளவுல இன்னொரு கழிவு கிடைக்குமா சார்?"

சூப்பர்வைசர் கண்ணைச் சுருக்கினார். "போன வாரம்தானே ஒண்ணு வாங்கின? ஒரே அளவுல ரெண்டு எதுக்கு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜோடி சேர்க்கப் பார்க்கிறான் என்று தெரிந்தால் அந்த மனுஷனுக்கு நெஞ்சு வலி வந்துவிடும். கோந்துவின் வாய் அவரைக் கேட்காமல் பேசியது.

"மாமனாருக்கு சார். அவருக்கு இடது கால் மட்டும்தான்."

சூப்பர்வைசரின் முகம் அப்படியே இளகிப்போனது. "அடப்பாவமே. சொல்லவே இல்லியே நீ."

"சொல்ற மாதிரி விஷயமா சார்."

"ஆனா இது சின்ன அளவாச்சே?"

"அவருக்கு... பாதம் சின்னது சார். பரம்பரையா."

ஷூ கிடைத்தது. கூடவே வினையும் கிடைத்தது. சூப்பர்வைசர் நல்லவர். நல்லவர்களிடம் பொய் சொல்லக்கூடாது. அவர்கள் அதை அப்படியே விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோளில் கை போட்டார். "மேனேஜர்கிட்ட சொன்னேன். கண்ணு கலங்கிட்டாரு. மாதிரி அலமாரியிலேருந்து ஒரு குறையும் இல்லாத ஷூ ஒண்ணு குடுத்திருக்காரு. ஞாயித்துக்கிழமை நானே வந்து என் கையால அவருக்குப் போட்டுவிடறேன்."

மாமனாருக்கு இரண்டு கால்களும் நன்றாகவே இருந்தன. இருக்கவும் வேண்டும். அவர் கட்டடங்களுக்கு வெள்ளையடிப்பவர், ஏணியிலேயே பாதி வாழ்க்கை.

"நான் என்ன பண்ணணும்?" என்றார் மாமனார்.

"ஒண்ணும் பண்ண வேணாம் மாமா. படுத்துக்கிட்டு ஒரு கால மட்டும் மறைச்சுக்கணும்."

"இந்த வயசுல என்னைக் கால மடக்கிப் படுக்கச் சொல்ற. பேத்திக்காகப் பாக்கறேன். உனக்காகன்னா ரெண்டு காலாலயும் உதைச்சிருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் சலவைச் சட்டையில் வந்தார். மாமனார் கழுத்து வரை போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். மனைவி தேநீர் கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

"எப்படிப் போச்சுங்க கால்?" என்றார் சூப்பர்வைசர் மெதுவாக.

"லாரி" என்றார் மாமனார்.

"மெஷின்" என்றார் கோந்து அதே நேரத்தில்.

"மெஷின் ஏத்திட்டு வந்த லாரி" என்று முடித்துவைத்தார் மாமனார். ஏணியில் நிற்கிறவருக்குச் சமாளிக்கத் தெரியாதா.

சூப்பர்வைசர் பெட்டியைத் திறந்தார். சாம்பல் நிறம், ஆரஞ்சுப் பட்டை, ஒரு சொட்டுப் பசை வழியாத ஷூ. கட்டிலருகே மண்டிபோட்டு உட்கார்ந்தார். "கொடுங்க ஐயா, கால நீட்டுங்க."

மாமனார் பதற்றத்தில் காலை நீட்டினார்.

சூப்பர்வைசர் ஷூவை நுழைத்தார். போகவில்லை. மறுபடி நுழைத்தார். அளவு சின்னது என்பது ஒரு பக்கம். ஆனால் பாதமே எதிர்ப்பக்கமாக வளைந்து நின்றது. அந்த மனிதர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இடது காலைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்த்தவரில்லை. ஏதோ ஒரு விசித்திரப் பிராணியைப் பார்ப்பதுபோல அந்தப் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"கோந்து" என்றார். "இது வலது கால்."

 சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"தப்பா குடுத்துட்டேன்" என்று அவசரமாகச் சொன்ன மாமனார், போர்வைக்குள்ளிருந்து இன்னொரு காலையும் எடுத்து நீட்டினார். "இந்தாங்க, இதுதான் சரியான கால்."

சூப்பர்வைசர் எழுந்தார். "நாளையிலேருந்து கழிவு ஷூ எல்லாம் கத்திக்குத்தான். ரெண்டா அறுத்துத்தான் வெளிய போகும்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். பெட்டியை மறந்துவிட்டார். மாமனார் நாணயஸ்தர். அடுத்தவர் பொருள் வீட்டில் தங்கக்கூடாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் துரத்தினார்.

"சார், ஷூவ விட்டுட்டீங்க! சார்!"

ஒற்றைக்கால் மனிதர் இரண்டு காலில் ஓடி வருவதைத் திரும்பிப் பார்த்த சூப்பர்வைசர், இன்னும் வேகமாக நடந்தார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

கோந்துவுக்கு வேலை போகவில்லை. பசை ஒட்ட வேறு ஆள் கிடைப்பது கஷ்டம். ஆனால் கழிவு ஷூவுக்குக் கத்தி வந்ததிலிருந்து தெருவில் யாரும் அவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எங்க பூனை அடுத்த பிரசவத்துக்கு எங்க போகும்?" என்று ஓர் அம்மா நேருக்கு நேராகவே கேட்டுவிட்டாள். வாங்க ஆளில்லாமல் பெட்டி திரும்பி வந்ததால் வீட்டில் இப்போது இரண்டு ஷூக்கள். இரண்டும் இடது.

அப்போதுதான் மகள் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தாள். போனில், உலகம் பூராவும் ஷூ செய்கிறவர்கள் சேர்ந்திருக்கிற குழு. யாரோ ஒருவர் தோல் படம் போடுவார், இன்னொருவர் வெட்டுப்பட்ட விரலைப் படம் போடுவார், மற்றவர்கள் கைகூப்புவார்கள்.

"நீ தமிழ்லயே பேசுப்பா. இது இங்கிலீஷாக்கி அனுப்பிரும். அவங்க இங்கிலீஷ்ல அனுப்பினா இது தமிழாக்கிக் காட்டும்."

"என் பேரு, கம்பெனி பேரெல்லாம் போயிராதே? கால் ரகசியம் இருக்கு."

"ஒண்ணும் போகாது. படத்துக்கு ஒரு ஏரோப்பிளேன வெச்சுரலாம்."

ஏரோப்பிளேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கோந்து பேசினார்: "சாம்பல் கலர், ஆரஞ்சுப் பட்டை, அளவு அஞ்சு. என்கிட்ட இடது இருக்கு. வலது இருந்தா சொல்லுங்கண்ணே. புள்ள ஓடணும்."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அனுப்பியவரின் படம் ஒரு பனிமலை.

'மதிப்பிற்குரிய மூத்த சகோதரரே. அந்த ஆரஞ்சுப் பட்டை எனது கனவிலும் வருகிறது. என்னிடம் வலது உள்ளது. எனக்கு இடது தேவை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். தங்கள் காலணிகள் நீடூழி வாழ்க.'

கோந்து எழுந்தே நின்றுவிட்டார். "எம்மாடி, வலது! வலது கால்காரன் கிடைச்சுட்டான்!"

"பனிமலையில இருக்காரு பாவம்" என்றாள் மனைவி. "என்ன மரியாதை பாருங்க. மூத்த சகோதரரேங்கிறாரு. வெளிநாட்டுலயும் அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க போல."

"மனுஷன்னா எல்லா ஊர்லயும் மனுஷன்தான்" என்றார் கோந்து. அன்றைக்குத்தான் அவர் அதைக் கண்டுபிடித்திருந்தார்.

அதிலிருந்து தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் பேச்சு. அந்த மனிதரும் பசைப் பிரிவுதானாம். அவர் கம்பெனியில் வலது மட்டும்தான். இடது வேறு நாட்டில் ஆகிறது என்று அங்கேயும் சொல்லி வைத்திருக்கிறார்களாம். அவர் வீட்டு வாசலில் வலது ஷூவுக்குள் செடி வளர்த்திருந்தார், படம் அனுப்பினார். பக்கத்து வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த இடது ஷூவைக் கோந்து படம் எடுத்து அனுப்பினார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் படம் வந்ததுபோல இரண்டு வீட்டிலும் பார்த்து மகிழ்ந்தார்கள்.

"இப்ப அங்க ராத்திரியா இருக்கும்" என்பார் கோந்து. "எனக்காகத் தூங்காம உக்காந்து பதில் போடுறான் அந்த மனுஷன். என் மச்சான் ஒருத்தனாவது இப்படி முழிச்சிருக்கானா?"

ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. இருட்டில் கோந்து அதைச் சொன்னார். இங்கேயும்தான், என்று பனிமலையிலிருந்து பதில் வந்தது.

மனைவிக்கு ஒரே நிம்மதி. "வெளிநாட்டுலயும் கரண்ட் போகுதா? அப்ப நாம ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல."

ஆளுக்கொன்றை மாற்றிக்கொண்டால் இரண்டு பிள்ளைகளும் ஓடும். இதில் என்ன கஷ்டம் என்று கோந்து இடது ஷூவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பார்சல் ஆபீசுக்குப் போனார்.

"எந்த நாடு?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"வெளிநாடு."

"வெளிநாட்டுல எந்த நாடு?"

"வலது கால் நாடு" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். "பொதுவா எவ்வளவு ஆகும்மா?"

அவள் சொன்னாள். அந்தக் காசுக்கு ஷூவே நடந்து போய்விடும் என்று தோன்றியது. அது மட்டுமில்லை, அவள் பொட்டலத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒத்தை ஷூவா? இன்னொண்ணு எங்க? ஒத்தையா அனுப்பினா எல்லையில பிரிச்சுப் போட்டு ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றாள்.

திரும்பி வந்து பனிமலையிடம் கேட்டார்: நீங்கள் எந்த நாடு?

 பதில் வந்தது: 'மன்னிக்கவும் மூத்த சகோதரரே. இடத்தைச் சொன்னால் வேலை போய்விடும். தாங்கள் எந்த நாடு?'

கோந்துவுக்கு வேர்த்தது. சூப்பர்வைசர் ஒற்றைக்கால் விவகாரத்திலிருந்தே ஒரு சாக்குக்காகக் காத்திருக்கிறார். "என்னாலயும் சொல்ல முடியாதுண்ணே" என்றார். "அதே கதைதான் இங்கயும்."

இப்படியாக, ஒரு வலதும் ஓர் இடதும் ஒன்றை ஒன்று பார்த்துக் கும்பிடு போட்டுக்கொண்டு, உலகத்தின் இரண்டு மூலையில் உட்கார்ந்திருந்தன.

தேர்வு நாள் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மகள் இரண்டு இடதையும் மாட்டிக்கொண்டு பழகியிருந்தாள். வலது காலில் எங்கெங்கே கடிக்கிறதோ அங்கெல்லாம் மனைவி பழைய துணியை அடைத்துத் தைத்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"வளைவுல பறக்குதுப்பா. மைதானத்துல வளைவெல்லாம் இடது பக்கம்தானே? நேர்ல வர்றப்பதான் உள்ளயே இழுக்குது. நான் மனசால வெளிய தள்ளிக்கிறேன்."

"வலிக்குதா?"

"ஓடறப்ப வலிக்கல" என்றாள். நின்றால் வலிக்கும் என்று அவள் சொல்லவில்லை. கோந்துவுக்குத் தெரியாதா, ஆயுசு முழுக்க நின்ற கால்.

பேருந்தில் பிள்ளைகளெல்லாம் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கோந்துவுக்குப் பின்னால் ஒரே ஓர் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் ஒரு மனிதர், மடியில் துணிப்பையைக் கட்டிப்பிடித்தபடி முக்கால் இடத்தை அடைத்திருந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார் கோந்து.

"இதுக்கு மேல தள்ளினா நான் ஜன்னல் வழியா வெளியதான் போகணும்."

"அந்தப் பைய கீழ வெச்சா இடம் கிடைக்கும்ல?"

"ஏன், நீங்க உங்க பைய வைங்களேன்."

"என் பையில முக்கியமான சாமான் இருக்கு."

"என் பையில என்ன, மண்ணா இருக்கு?"

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. முழங்கைகள் மட்டும் பேசிக்கொண்டன. அந்த ஆள் தன் போனை எடுத்துப் பெருவிரலை வைத்துத் தேய்த்தார், ஊதினார், மறுபடி தேய்த்து ஏதோ திட்டினார். போன் திறப்பதற்குள் இரண்டு நிறுத்தம் போய்விட்டது. கோந்து அந்தப் பக்கம் பார்க்கவே விரும்பாமல் முதுகைத் திருப்பிக்கொண்டார். வீட்டிலேயே மகளிடம் கொடுத்துத் திறந்து வைத்திருந்த தன் போனை, வாயருகே பிடித்துக் கிசுகிசுத்தார்.

"அண்ணே, இன்னைக்குத்தான் புள்ளைக்கு ஓட்டம். வேண்டிக்கங்க. பஸ்ஸுல பக்கத்துல ஒரு சிடுமூஞ்சி வந்து வாய்ச்சிருக்கான். எல்லாம் நேரம்."

பதில் சீக்கிரமே வந்தது. 'தங்கள் மகள் வெற்றி பெறுவாள். எனக்கும் இன்று முக்கியமான நாள். பக்கத்து இருக்கைக்காரனைப் பொருட்படுத்த வேண்டாம், சகோதரரே. அவன் எல்லா நாட்டுப் பேருந்திலும் இருக்கிறான்.'

கோந்து வாய்விட்டுச் சிரித்தார். கண்காணாத தேசத்தில் ஒருவன் தன்னை இவ்வளவு புரிந்து வைத்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் முழங்கையால் இடிக்கிறான். இதுதான் உலகம் என்று நினைத்துக்கொண்டார்.

இறங்கும்போது அந்த ஆள் அவர் காலை மிதித்துவிட்டுப் போனார். வலது காலை.

மைதானத்தில் வெயில் ஏறிவிட்டது. வாசலில் ஒரு விசில்காரர், கழுத்தில் அட்டை தொங்க, வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். முகத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. வெறுங்காலில் வந்த பிள்ளை ஒன்றை வெளியே போகச் சொன்னார். அந்தப் பிள்ளை அழவில்லை. வாசலைத் தாண்டிப் போகும்வரை அந்த வெறுங்கால்களைக் கோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விசில்காரர் மகளின் முன்னால் வந்து நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"ரெண்டும் ஒரே காலா?"

"என்னால ஓட முடியும் சார்" என்றாள் மகள்.

"ஓடுவம்மா. நேரா அடுத்தவ தடத்துல போய் அவளையும் இடிச்சுத் தள்ளுவ. யார் இவங்கப்பா?"

கோந்து முன்னால் வந்தார். பேசுவதற்கு எவ்வளவோ இருந்தது. விரல்கள், பசை, விடுதி, காலையில் யாரும் எழுப்பாமலே எழுந்து ஓடுகிற பிள்ளை.  வாயில் வந்தது இதுதான்:

"வலது வெளிநாட்டுல இருக்கு சார். நல்ல மனுஷன் ஒருத்தர் கையில பத்திரமா இருக்கு. எப்படியும் வந்துரும் சார்."

விசில்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். கோந்துவை மேலும் கீழும் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மைதானத்தின் அந்தப் பக்க வாசலை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஏன்யா, ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு வந்தீங்களா? அதோ பாரு, துணிப்பையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் நிக்கிறான்ல, அவன் பொண்ணுக்கு ரெண்டும் வலது. கேட்டா, 'இடது வெளிநாட்டுலேருந்து வந்துக்கிட்டிருக்கு சார்'ங்கிறான்!"